நாலு ரவுண்டும் ஒரு கெப்பாசிட்டரும்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் அம்மாவைப் பற்றி ஆறும், காதலைப் பற்றிப் பதினாறும் ஏற்கெனவே வந்து குவிந்து கிடப்பதாகச் சொன்னார். சரி, தமிழன்னை பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த ஒரு வருடமாக மூன்றாம் ஆண்டுக்காரர்கள் யாரையும் தூங்க விடாத ஒரு விஷயத்தைப் பற்றி, என் மனதில் பட்டதை எழுதுகிறேன். அதுதான் இன்டர்வியூ!

கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். ஓ.எம்.ஆரில், கண்ணாடியாலேயே கட்டிய ஒரு பெரிய டெக்னாலஜி கம்பெனி. அது போதும். நம் காலேஜிலிருந்து 41 பேர் போனோம். 3 பேருக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. "கிடைக்காதவன் புலம்புறான்டா" என்று நீங்கள் சொன்னால் அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அன்று காலை நாலரை மணிக்கே எழுந்தேன். வெள்ளைச் சட்டை என்னுடையது. பேன்ட் என் மாமா பையனுடையது. ஷூ எதிர்வீட்டு அண்ணனுடையது, சைஸ் 8. என் கால் 7. முன்பக்கம் பேப்பரைச் சுருட்டித் திணித்துக்கொண்டு எர்ணாவூரிலிருந்து விம்கோ நகர் மெட்ரோவுக்கு நடந்தேன். 2021 பிப்ரவரியில் இந்த மெட்ரோ நம் பக்கம் வந்தது நமக்குப் பெரிய விடுதலை. அதற்கு முன் நம் சீனியர்கள் கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே பஸ்ஸில் நின்றுகொண்டு போய், சட்டையெல்லாம் கரி படிந்து இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சின்னமலையில் இறங்கி, பஸ் பிடித்து, எட்டு மணி இன்டர்வியூவுக்கு ஏழு மணிக்கே கேட்டில் நின்றேன். கேட் திறந்தது ஒன்பதரைக்கு!

ஒரு சின்ன விஷயம். போகும் வழியில் தரமணி வந்தது. அங்கே இருக்கும் சென்ட்ரல் பாலிடெக்னிக் 1916-ல் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? நம்ம பிராட்வேயில், 'மெட்ராஸ் டிரேட்ஸ் ஸ்கூல்' என்ற பெயரில். பிற்பாடுதான் தரமணிக்குப் போயிற்று. அதே தரமணியில் 2000-ல் டைடல் பார்க் வந்தது. 1955-ல் திருவொற்றியூரில் ஆரம்பித்த என்ஃபீல்டு, 2013-ல் ஒரகடத்தில் புது ஆலை திறந்தது. படிப்பும் வேலையும் தெற்கே போய்க்கொண்டே இருக்கிறது. நாம் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறோம். பஸ்ஸில் எனக்கு இதுதான் தோன்றியது.

முதல் ரவுண்டு, கம்ப்யூட்டரில் ஆப்டிடியூட் டெஸ்ட். ரயில் பிளாட்பாரத்தைக் கடக்கும், தொட்டியை இரண்டு குழாய் நிரப்பும், ஒரு படகு நீரோட்டத்தை எதிர்த்துப் போகும். எனக்குப் பக்கத்து சீட்டில் காசிமேட்டு நண்பன். அவன் அப்பா விசைப்படகில் டிரைவர். இவனும் லீவு நாட்களில் கடலுக்குப் போகிறவன். அவன் அந்தப் படகுக் கணக்கில் ஃபெயில்! வெளியே வந்து, "மச்சான், காத்து எந்தப் பக்கம்னு கொஸ்டின்லயே சொல்லலடா" என்றான். சிரித்தோம். ஆனால் அவன் அத்தோடு வீட்டுக்குப் போய்விட்டான். எங்கள் கிளாஸில் வயரிங் வேலையை அவனைவிடச் சுத்தமாகச் செய்கிறவன் கிடையாது. ஒரு நிமிடத்துக்கு ஒரு கணக்கு என்ற வேகத்தில் அது எப்படித் தெரிய வரும்?

இந்தப் புதிர் வியாதி நம் ஊருக்கு மட்டும் உள்ளதல்ல. 2004-ல் அமெரிக்காவில் கூகுள் கம்பெனி, கலிபோர்னியா நெடுஞ்சாலை ஓரம் ஒரு போர்டு வைத்தது. கம்பெனி பெயர் கூடப் போடவில்லை. 'ஈ' என்ற கணித எண்ணின் தசம இலக்கங்களில் முதலில் வரும் பத்து இலக்கப் பகா எண் எது என்று மட்டும் கேட்டது. விடை கண்டுபிடித்தவன் படிப்படியாகப் போனால் கடைசியில் வேலைக்கு மனுப் போடச் சொல்லும். பெரிய புத்திசாலித்தனம்தான். ஆனால் 2013-ல் அதே கூகுளின் ஆள்தேர்வுப் பிரிவின் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். புதிர்க் கேள்விகள் வெறும் நேர விரயம், கேட்கிறவர் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளத்தான் அவை உதவுகின்றன என்றார். ஆயிரக்கணக்கான இன்டர்வியூக்களை எடுத்து, அதில் போட்ட மார்க்கையும் பிறகு அந்த ஆள் வேலையில் எப்படி இருந்தார் என்பதையும் ஒப்பிட்டார்களாம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையாம்! அவர்களே கைவிட்டதை நம் ஊர்க் கம்பெனிகள் இன்னும் கட்டிக்கொண்டு அழுகின்றன.

இரண்டாவது ரவுண்டு குரூப் டிஸ்கஷன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் இங்கிலீஷில் கத்தினார்கள். நான் "ஐ அக்ரீ வித் ஹிம்" என்று இரண்டு தடவை சொன்னேன். எப்படியோ பாஸ்.

மூன்றாவது ரவுண்டைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அன்று முழுவதிலும் நான் மனிதனாக உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் அதுதான்.

ஐம்பது வயதிருக்கும் ஒரு இன்ஜினியர். மேஜைமேல் ஒரு சின்ன பவர் சப்ளை போர்டு, ஒரு மல்டிமீட்டர். "தமிழ்லயே சொல்லுப்பா. இதுல 5 வோல்ட் வரணும், லோடு போட்டா விழுந்துடுது. என்னன்னு பாரு" என்றார். வேறு ஒன்றுமே கேட்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர், நாலு டையோடு பிரிட்ஜ், ஒரு ஃபில்டர் கெப்பாசிட்டர், 7805 ரெகுலேட்டர். நம் இரண்டாம் ஆண்டு லேப்பில் செய்த அதே சர்க்யூட்! லோடு இல்லாமல் பார்த்தேன். அவுட்புட் சரியாக 5. லோடு போட்டேன், 4-க்குக் கீழே விழுந்தது. ரெகுலேட்டர் போய்விட்டது என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் நான் சாயங்காலங்களில் வேலை செய்யும் சர்வீஸ் கடை அண்ணன் எப்போதும் சொல்வது ஞாபகம் வந்தது: "ஐ.சி.யைக் கழட்டறதுக்கு முன்னாடி, அதுக்குச் சோறு போகுதான்னு பாருடா." ரெகுலேட்டரின் இன்புட்டில் மீட்டரை வைத்தேன். லோடு இல்லாதபோது 12-க்குப் பக்கம். லோடு போட்டால் 6. 7805-க்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட்டாவது போனால்தான் வெளியே 5 ஒழுங்காக நிற்கும். ஆகவே பழி ரெகுலேட்டர் மேல் இல்லை. கரண்டை நிறுத்திவிட்டு டையோடு நாலையும் செக் பண்ணினேன், நாலும் நல்லது. "சார், ஃபில்டர் கெப்பாசிட்டர் வீக் ஆயிடுச்சு. லோடு இல்லாதப்ப சமாளிக்குது, லோடு வந்தா தாங்கல" என்றேன். அவர் டிராயரைத் திறந்து புது கெப்பாசிட்டரையும் சால்டரிங் அயர்னையும் எடுத்து வைத்தார். மாற்றினேன். 5 வோல்ட் ஆடாமல் நின்றது. அவர் என் கையைப் பார்த்தார். விரலில் சூட்டுத் தழும்பு. "எங்க வேலை செய்யற?" என்றார். கடையைச் சொன்னேன். "குட்" என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது ஷூ கடித்ததே தெரியவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

நாலாவது ரவுண்டு எச்.ஆர். ஏ.சி. ரூம். எதிரே இரண்டு பேர். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்." மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். நான் கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்பவன், என் பலவீனம் அதிகமாக உழைப்பது. நண்பர்களே, இந்த வரியை நம் 41 பேரும் சொல்லியிருக்கிறோம்! கோச்சிங் சென்டர்காரர் எல்லோருக்கும் ஒரே ஜெராக்ஸைக் கொடுத்தால் வேறென்ன ஆகும்?

பிறகு ஃபைலைப் புரட்டினார்கள். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் ஏன் என்று கேட்டார்கள். "ஃப்ளட், சார்" என்றேன். அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எர்ணாவூர், எண்ணூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது எங்கள் தெருவுக்கு வந்தது வெறும் மழைத் தண்ணீர் அல்ல, எண்ணெய் கலந்த தண்ணீர். சுவரில் கறுப்புக் கோடு. நோட்டு, புத்தகம், டிராஃப்டர், எல்லாமே பிசுபிசு என்று கறுப்பு. வாசனை மாதக் கணக்கில் போகவில்லை. அம்மா என் சர்டிபிகேட் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டே மிஞ்சியது. அடுத்து வந்த பரீட்சையில் இரண்டு பேப்பர் போயிற்று. அதற்கடுத்த முறையே எழுதி பாஸ் பண்ணிவிட்டேன். இதையெல்லாம் தமிழில் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். அவர்கள் பேப்பரில் என்னவோ டிக் அடித்துக்கொண்டார்கள்.

"எங்கிருந்து வர்றீங்க?" "எர்ணாவூர், சார்." "ஓ... அந்தப் பக்கமா! நைட் ஷிஃப்டுக்கு எப்படி வருவீங்க?" "மெட்ரோ இருக்கு சார்." "நைட் ரெண்டு மணிக்கு மெட்ரோ ஓடுமா?" நியாயமான கேள்விதான். ஆனால் கம்பெனி பஸ் அங்கே வராது என்பதை முதலிலேயே போட்டிருக்கலாமே? "அப்பா என்ன செய்யறார்?" ஹார்பரில் காண்ட்ராக்டில் லாஷிங் வேலை என்று தமிழில் சொன்னேன். கப்பலில் கண்டெய்னரைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலை. அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் விளக்க முடியவில்லை. "வி வில் கெட் பேக் டு யூ" என்றார்கள்.

வீட்டுக்கு வந்தேன். நைனா கேட்டார்: "இன்னாடா ஆச்சு?"

"கூப்பிடறேன்னு சொன்னாங்க நைனா."

"எப்போ?"

"சொல்லல."

"வேலை குடுக்கறவன் அப்பவே சொல்லிடுவான்டா" என்று சொல்லிவிட்டு நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். இன்றுவரை அந்தக் கம்பெனியிலிருந்து 'இல்லை' என்ற மெயில் கூட வரவில்லை.

என் கதை இருக்கட்டும். அதே அறையிலிருந்து வெளியே வந்த நம் கிளாஸ் தோழி ஒருத்தியிடம் கேட்டது: "கல்யாணம் எப்போ பண்ற ஐடியா?" 80 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் பெண்! பாடத்தில் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லையாம். இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் விசாரித்து வெளியிட்டது ஞாபகம் இருக்கிறதா? ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில், ஐபோன் பொருத்தும் வேலைக்குக் கல்யாணமான பெண்களைத் திட்டமிட்டு ஒதுக்குகிறார்கள் என்ற செய்தி. மத்திய அரசு தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. வேலை விளம்பரங்களில் ஆணா, பெண்ணா, கல்யாணம் ஆனதா என்று போடக்கூடாது என்று ஆள் பிடிக்கும் ஏஜென்சிகளுக்கு அந்தக் கம்பெனி பிறகு சொன்னதாக, அதே ஆண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸே எழுதியது. ஆக, வெளியே தெரிந்தால் மாற்றத்தான் செய்கிறார்கள். நாம் வெளியே சொல்வதில்லை. "அடுத்த வருஷம் கேம்பஸுக்கு வரமாட்டாங்க" என்ற பயம். பிளேஸ்மென்ட் சாருக்கும் அதே பயம்.

இப்போது நம் எண்ணூர்க்காரர்கள் கேட்க வேண்டிய ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் என்ற கம்பெனியின் அனல்மின் நிலையம். கூட்டுவது போன்ற வேலைகளில்தான் கறுப்பினத்தவரை வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவின் அதிகபட்சச் சம்பளம், மற்றப் பிரிவுகளின் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் கம்மி. 1965-ல் பாகுபாடு கூடாது என்ற சட்டம் அமலுக்கு வந்தது. கம்பெனி என்ன செய்தது? நல்ல பிரிவுகளுக்குப் போக ஹைஸ்கூல் சர்டிபிகேட்டும் இரண்டு ஆப்டிடியூட் டெஸ்ட்டும் வேண்டும் என்றது! சர்டிபிகேட்டே இல்லாமல் முன்னால் சேர்ந்த வெள்ளைக்காரர்கள் அதே வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். வில்லி கிரிக்ஸ் என்ற தொழிலாளியும் கூட இருந்தவர்களும் வழக்குப் போட்டார்கள். 1971 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தேர்வு வைப்பது தப்பில்லை, ஆனால் ஒரு பிரிவினரை வடிகட்டி வெளியே தள்ளுகிற தேர்வுக்கு, அந்த வேலையோடு சம்பந்தம் இருக்கிறது என்று கம்பெனிதான் காட்ட வேண்டும். கம்பெனியின் நோக்கம் நல்லதாகவே இருந்தாலும் சரி, விளைவைத்தான் பார்க்க வேண்டும் என்றது. 2017-ல் மூடிய நம் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அனல்மின் நிலையத் தொழிலாளி ஒருவர் இப்படி ஒரு தீர்ப்பை வாங்கினார் என்று படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது என்பது எனக்கும் தெரியும். கேள்வி பொருந்தும். எர்ணாவூர் என்ற முகவரிக்கும் போர்டு ரிப்பேருக்கும் என்ன சம்பந்தம்?

சிலர் சொல்வார்கள், அந்தக் காலம் பொற்காலம் என்று. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ்தான் பிறகு அசோக் லேலண்ட் ஆயிற்று. எண்ணூரில் அப்படிப்பட்ட ஆலைகளின் கேட்டில் இரும்புத் துண்டையும் அரத்தையும் கையில் கொடுத்து, "ராவிக் கொண்டா" என்பார்களாம். டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் போய் வா! எங்கள் தெருப் பெரியவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அதே பெரியவர்களை இன்னும் கொஞ்சம் கிளறினால் மேஸ்திரிக்குக் கொடுத்த பணம், ஜாதி பார்த்து உள்ளே விட்டது, சிபாரிசுக் கடிதம் எல்லாம் வரும். ஆகவே பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அரத்தைக் கொடுத்த அந்த ஒரு வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அதுதான் சரி என்று ஆராய்ச்சியும் சொல்கிறது. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரண்டு பேராசிரியர்கள் 85 வருட ஆராய்ச்சிகளைத் திரட்டி 1998-ல் வெளியிட்டார்கள். செய்ய வேண்டிய வேலையிலேயே ஒரு துண்டைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்பதும், 'சும்மா பேசிப் பார்க்கிற' இன்டர்வியூவைவிட நன்றாக ஆளை இனம் காட்டுகின்றன என்று அதில் இருக்கிறது. நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. ஜோஹோ கம்பெனி 20 வருடங்களுக்கு முன்பே பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமாவும் முடித்தவர்களை எடுத்து, பயிற்சிப் பணம் கொடுத்து, தானே சொல்லிக் கொடுத்து வேலையில் வைக்க ஆரம்பித்தது. நம்மால் முடியாது என்று நினைத்தவர்கள் அங்கே போய்ப் பார்க்கட்டும்.

கூகுளின் தலைவர் சுந்தர் பிச்சை நம்ம அசோக் நகரில் வளர்ந்தவர். அவர் இன்டர்வியூ நடந்த நாள் 2004 ஏப்ரல் 1. அன்றுதான் ஜிமெயில் வெளிவந்தது. "ஜிமெயில் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். அது ஏப்ரல் ஃபூல் விளையாட்டோ என்று அவர் நினைத்தாராம்! நாலாவது ஆள்தான் ஜிமெயிலைத் திறந்து காட்டினாராம். அதன் பிறகுதான் அவரால் பதில் சொல்ல முடிந்தது. இதை அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் பிடித்தது அந்த நாலாவது ஆளைத்தான். தெரியாதவனிடம் பொருளைக் காட்டிவிட்டுக் கேட்டார். என் மூன்றாவது ரவுண்டு சார் மாதிரி.

இப்போது மறுபக்கம். செலக்ட் ஆன மூவரில் ஒருவன் ராயபுரத்து நண்பன், நம் பெஞ்ச். அவனிடம் இதையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மச்சான், தப்பா நினைக்காத. அங்க கஸ்டமர் போன்ல இங்கிலீஷ்லதான் பேசுவான். நீ கெப்பாசிட்டர மாத்திடுவ, ஆனா மாத்தினேன்னு அவனுக்கு எப்படிச் சொல்லுவ?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து அவன் சொன்னது சரி என்று தோன்றியது. அவன் ஒன்றும் கான்வென்ட் இல்லை, மாநகராட்சிப் பள்ளிதான். இரண்டு வருடமாக நடைப்பயிற்சியில் காதில் மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் செய்தி கேட்டு, கேட்டதைத் திரும்பச் சொல்லிப் பழகியிருக்கிறான். நானோ ஜெராக்ஸ் படித்தேன். என் தப்பு இன்னும் இருக்கிறது. "எனி கொஸ்டின்ஸ்?" என்று அவர்கள் கேட்டபோது "நோ சார்" என்றேன். என்ன வேலை, எந்த ஊர், என்ன ஷிஃப்ட், பாண்ட் உண்டா... ஒன்றையுமே கேட்கவில்லை. மூன்று வருடம் வாழப்போகும் இடத்தைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி கூட இல்லையா?

ஆர்டர் கையில் வந்தால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். இன்ஃபோசிஸ் 2022-ல் எடுத்த இன்ஜினியரிங் பட்டதாரிகளில் பலர் 2024 இலையுதிர் மாதங்கள் வரை சேரக் காத்திருந்தார்கள். 2025 பிப்ரவரியில் அவர்களில் 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை, உள்தேர்வில் மூன்று வாய்ப்பிலும் தேறவில்லை என்று மைசூர் வளாகத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். பி.இ. முடித்தவர்கள் கதியே அது.

நம் பேரவை என்ன செய்யலாம்? சாலை மறியல் வேண்டாம், சும்மா ஒரு பேப்பர் போதும். எந்தக் கம்பெனி கேம்பஸுக்கு வந்தாலும், வருவதற்கு முன் என்ன வேலை, எங்கே, என்ன சம்பளம், பஸ் எந்த ஏரியா வரை, பாண்ட் எத்தனை வருடம், இங்கிலீஷ் பேச்சு கட்டாயமா என்று எழுத்தில் வாங்க வேண்டும். இங்கிலீஷ் கட்டாயம் என்று முன்பே சொன்னால் தயாராவோம், அல்லது போக மாட்டோம். ஒரு நாள் கூலி வேலையும் ஷூ கடியும் மிச்சம். டிப்ளமாக்காரனை எடுக்க வருகிறவர்களுக்கு நம் லேப்பைத் திறந்து விடலாமே? "சார், எங்க பசங்களுக்கு ஒரு ஃபால்ட் கொடுத்துப் பாருங்க" என்று பிளேஸ்மென்ட் சார் கேட்டால் வேண்டாம் என்றா சொல்வார்கள்? எடுக்காதவர்களுக்கு ஒரு வரி மெயில் கேட்கலாம். பெண்களிடம் கல்யாணக் கேள்வி கேட்கக் கூடாது என்பதை அந்தப் பேப்பரிலேயே முதல் வரியாகப் போட வேண்டும். இதற்கு மட்டும் நம் பேரவை பேரம் பேசவே கூடாது என்பது என் கருத்து.

அப்ரண்டிஸை இளக்காரமாக நினைக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. 1961 சட்டத்தில் 1973-ல் திருத்தம் வந்த பிறகு டிப்ளமாக்காரர்களுக்கும் அப்ரண்டிஸ் உண்டு. 2019 விதியில் குறைந்தது மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தார்கள். பணம் கம்மிதான், வாடகைக்கும் போதாது. ஆனால் ஒரு வருடம் நம் கையை அவர்கள் பார்க்கிறார்கள், அவர்கள் கம்பெனியை நாம் பார்க்கிறோம். அரை மணி நேர ஏ.சி. ரூமைவிட அது மேல். நான் இப்போது அதற்குத்தான் மனுப் போட்டிருக்கிறேன்.

பேரவை ரூமில், கேரம் போர்டுக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருக்கிறேன். எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும், கேட்ட கேள்வி, நீங்கள் சொன்ன பதில், சொல்லியிருக்க வேண்டிய பதில், மூன்றையும் எழுதுங்கள். தமிழிலோ, தங்கிலீஷிலோ, எப்படியோ. முதல் நாலு பக்கம் என்னுடையது. 'ஃப்ளட், சார்' என்பதற்குப் பிறகு வர வேண்டிய ஆறு வரியை ராயபுரத்து நண்பன் துணையோடு இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறேன். எர்ணாவூர், சத்தியவாணி முத்து நகர் பிள்ளைகள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஷூ சைஸ் 8 வேண்டும் என்றாலும் என்னைக் கேளுங்கள், எதிர்வீட்டு அண்ணன் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்